வெட்டிய அட்டையில் பெயர் இல்லை

ஜூன் 4, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வீட்டில் பேசினால் அழுகை, ஆபீசில் பேசினால் மெமோ. இந்த நோட்டுக்குக் கண்ணீரும் கிடையாது, மேலதிகாரியும் கிடையாது. இனி இதனோடு பேசிக்கொள்கிறேன்.

என் மனைவிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். வலது பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் குத்துகிறதாம். சிறுநீர் போகும்போது எரிகிறதாம். இதை அவள் முதலில் சொன்னது என்னிடம் அல்ல, சரியாக எங்கள் தலைக்கு மேலே குடியிருக்கும் அவளுடைய அண்ணனிடம். அவர் மாடிப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சூடு. தண்ணி நிறையக் குடி, சரியாப் போயிடும்."

அவருக்கு இந்த நோட்டில் ஒரு பெயர் வேண்டும். தலைவர் என்று வைக்கிறேன். இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உலகத்துக்கே தலைவர். கல்யாணமான புதிதில் எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய், வரலாற்றில் முதல் வகுப்பு முதுகலைச் சான்றிதழைக் காட்டி வாங்கிய வேலை. "நான் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன், மாப்பிள்ளையை உடனே கூப்பிட்டுட்டாங்க" என்று இன்றுவரை நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்கிறார். அது என்ன வார்த்தை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான்.

மதியம் விடுப்புப் போட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன். மாடியில் அனுமதி வாங்கவில்லை.

ஜூன் 5, புதன்

சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. சூடாம், சூடு!

டாக்டரம்மா சிரிக்காதவர். அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. "எந்த மாத்திரையாவது உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கேட்டார். அவள் யோசித்து யோசித்து, சின்ன வயதில் காது வலிக்கு ஏதோ கொடுத்ததில் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிய கதையைச் சொன்னாள். என் கல்யாண வாழ்க்கையில் நான் கேள்விப்படாத கதை. "என்ன மாத்திரைன்னு தெரியாது டாக்டர். எங்க அண்ணன் அதை வேர்க்குருன்னு சொன்னாரு."

"காது வலிக்குன்னா அது பென்சிலின் வகையாத்தான் இருக்கும்" என்ற டாக்டர் பேனாவை மாற்றி, சீட்டின் உச்சியில் சிவப்பு மையில் எழுதினார்: பென்சிலின் வகை கொடுக்கக் கூடாது. அப்புறம் வேறு வகை ஆன்டிபயாடிக் எழுதினார். சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார்.

"காய்ச்சல் சீக்கிரமே விட்டுடும். அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க. நான் எழுதினது முழுக்க, நேரம் தவறாமப் போடணும். பாலோட சேர்த்துப் போடாதீங்க, அசிடிட்டி மருந்தோடயும் வேண்டாம். தடிப்பு, மூச்சுத் திணறல்னா உடனே வாங்க. வேற எந்தச் சந்தேகம்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க. அக்கம் பக்கத்துல கேக்காதீங்க."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். என்னையா! கேட்கவேண்டிய ஆள் மாடியில் இருக்கிறார்.

ஜூன் 8, சனி

காய்ச்சல் விட்டது. கூடவே தலைவரும் வந்துவிட்டார்.

இவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஒருத்தருக்கு உடம்பு தேறியதும் மிச்ச மாத்திரை பொதுச் சொத்து. மாடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது, மூடியில் ரோஜாப்பூ படம். அதில்தான் எல்லாம் போகும். அதைவிட விசேஷம் கத்தரிக்கோல். அட்டையை முழுசாக வைக்க மாட்டார்கள், மாத்திரை மாத்திரையாக வெட்டி வைப்பார்கள், கேட்டவருக்குக் கேட்டபடி எடுத்துக் கொடுக்க வசதியாம். இவளுடைய அப்பா காலத்திலிருந்தே அப்படியாம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் ஓரத்தில் இருக்கும். ஓரம் குப்பைக்குப் போகும்.

"என்னம்மா, காய்ச்சல் விட்டாச்சா?"

"விட்டாச்சுண்ணா. முதுகு வலிகூட இல்லை."

"அப்புறம் எதுக்கு இன்னும் முழுங்கிட்டிருக்கே? நல்ல உடம்புல மருந்தைக் கொட்டினா குடல்தான் புண்ணாகும்."

"டாக்டர் முழுசாப் போடச் சொன்னாங்களே..."

"சொல்வாங்கம்மா. மருந்துக் கடைக்காரனும் பிழைக்கணுமில்ல?"

வெட்ட ஆரம்பித்துவிட்டார். சரக், சரக் என்று, ரிப்பன் வெட்டும் மந்திரியைப் போல. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை, ஊமையா உக்காந்திருக்கீங்க? ஆஸ்பத்திரி பில்லையெல்லாம் கரைச்சுக் குடிச்சவராச்சே நீங்க."

உண்மைதான். என் வேலை அதுதான். யாருக்கு என்ன வியாதி, எதைக் கொடுத்தார்கள், எது கேட்கவில்லை, எப்படி முடிந்தது என்று நாள் முழுவதும் படித்துக் கையெழுத்துப் போடுகிறேன். பாதியில் மருந்தை விட்டவர்களின் கோப்பு எப்படித் தடிக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஆரம்பிக்காதீங்க என்கிற பார்வை.

பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

மிச்சத்தில் பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குத் தொண்டை கரகரவென்று இருக்கிறதாம், நாளைக்குச் சங்கக் கூட்டம் இருக்கிறதாம். மீதி டப்பாவுக்கு.

ஜூன் 10, திங்கள்

சோதனை முடிவு வந்துவிட்டதாம். கொடுத்திருக்கும் மாத்திரை சரியானதுதான், தொடர்ந்து போடச் சொல்லுங்கள் என்று நர்ஸ் போன் செய்தாளாம். இவள் "சரிங்க சிஸ்டர்" என்றாளாம். எதைத் தொடர்வது? பாதி அண்ணன் வயிற்றில், பாதி ரோஜாப்பூ டப்பாவில்.

கடையில் மறுபடி வாங்கி வருகிறேன் என்றேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், விடுங்க" என்றாள்.

விட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

தலைவர் கூட்டத்தில் நிறுத்தாமல் பேசினாராம். தொண்டை அந்த மாத்திரையால் சரியானதாம். ஜலதோஷத் தொண்டை, வெந்நீரில் கொப்பளித்திருந்தாலும் சரியாகியிருக்கும், சும்மா விட்டிருந்தாலும் சரியாகியிருக்கும். ஆனால் வெந்நீருக்கு எப்போது பெயர் கிடைத்திருக்கிறது?

ஜூன் 16, ஞாயிறு

அவளுக்கு மறுபடி குளிர். பல் கிட்டுகிறது. அதே முதுகு, அதே பக்கம். கிளினிக் இன்று கிடையாது. நாளை ஆபீசில் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள்; வரவில்லை என்று சொன்னால் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கிய அந்தப் பொடியனுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். "நான் காலைல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ளை, நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க" என்கிறார் தலைவர்.

நிம்மதியா!

ஜூன் 17, திங்கள்

ஆஸ்பத்திரி. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உதடு அப்படி வீங்கிடுச்சு. கண்ணு திறக்க முடியலை. மூச்சு விசில் மாதிரி... என்ன கொடுத்தே, என்னய்யா கொடுத்தே அவளுக்கு?

உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

உயிர் இருக்கிறது. டிரிப்ஸ் ஏறுகிறது. இப்போது நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நாளைக்கே "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லக்கூடிய ஆட்கள் இவர்கள்.

அவர் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அங்கே கூட்டமாக இருக்குமாம், காத்திருக்க வேண்டுமாம். டப்பாவைத் திறந்தார். போன தடவை மாத்திரையே போதும், அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று தேடினார். டப்பா நிறைய வெட்டிய துண்டுகள், எல்லாம் ஒரே வெள்ளித் தகடு. கையில் வந்ததைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உடம்பு அரித்தது. "வேர்க்குரு" என்றார். சத்தியமாக இப்போதும் அதையே சொன்னார்! அப்புறம் மூச்சு இழுத்தது. அவளுடைய அண்ணிதான் பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். கையை நீட்டி, "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்றார். தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேரு எங்க?"

"அது... வெட்டும்போது போயிடுச்சு."

"எதுக்கு வெட்டினீங்க?"

ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிற மனிதர். சட்டைப் பையை மறுபடி தடவிப் பார்த்தார். நான் சீட்டை நீட்டினேன். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் டாக்டர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே ஓடினார்.

சாயங்காலம் எங்கள் டாக்டரம்மாவே வந்தார். பென்சிலின் வகை மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பழைய தொற்று முழுவதும் போகாமலே மருந்தை நிறுத்தியதால் கிருமி திரும்பத் தலையெடுத்திருக்கிறது, இனி வாய் வழி மாத்திரையை நம்ப முடியாது, ஊசிதான் என்றார். "எழுதினதை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜூன் 20, வியாழன்

வீக்கம் வடிந்துவிட்டது. காய்ச்சல் இன்னும் போகவில்லை.

தலைவர் பழக்கூடையோடு வந்தார். வராந்தாவில் மறித்தேன். சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன்: என் வேலையைப் பற்றி அவர் சொல்லித் திரியும் கதை, என் வீட்டுக் கதவுக்கு என்ன வர்ணம் என்று அவர் முடிவு செய்தது, இப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு வைக்க நினைத்த பெயரை அவர் மாற்றியது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மாத்திரை வந்தது. அதற்குள் நர்ஸ் வந்து, "சார், சத்தம் போடறதுன்னா வெளிய போங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "நல்லதுக்குத்தானே மாப்பிள்ளை செஞ்சேன்."

நல்லதுக்கு. உலகத்தில் கெடுதலுக்கென்று எவன் கத்தரிக்கோலை எடுக்கிறான்?

ஜூன் 22, சனி

இன்று எழுந்து உட்கார்ந்தாள். ரொட்டியை நனைத்துத் தின்றாள். நான் அவளுடைய அண்ணனைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அவரு வெட்டும்போது நீங்களும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"நீ பார்த்த பார்வையில நான் எங்கே பேசறது?"

"பார்த்தேன். நான் பார்த்தா நிறுத்திடுவீங்களா? டிவி சத்தத்தைக் குறைங்கன்னு தினம் பார்க்கிறேன், குறைக்கிறீங்களா?"

உடம்பு முடியாதவளோடு வாதம் செய்யக் கூடாது என்று வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் ஒரு பெஞ்சும் இல்லை. இது ஓர் ஆஸ்பத்திரி!

ஜூன் 27, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். மிச்சத்துக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அட்டை முழுசாக, பெயரோடு, அவள் தலைமாட்டில் இருக்கிறது. வீட்டிலிருந்த கத்தரிக்கோலை நான் ஒளித்துவைத்துவிட்டேன். சோப்பு உறையைப் பல்லால் கிழிக்கிறாள், என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

மாடிப்படியில் கீழ்வீட்டுத் தையல்காரர் எதிரே வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளங்கையில் ஏதோ பளபளவென்று. வெள்ளித் துண்டு. வெட்டின துண்டு!

"என்னது அது?"

"தலைவர் கொடுத்தாரு சார், ஜலதோஷத்துக்கு. நல்ல மாத்திரையாம், ஒண்ணு போட்டாலே அடங்கிடுமாம்."

ஒரு மனுஷி செத்துப் பிழைத்து வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. டப்பா மறுபடி திறந்துவிட்டது.

ஜலதோஷத்துக்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, இது என்ன மாத்திரை என்று கொடுத்தவருக்கே தெரியாது, உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் தெரியாது என்று படபடவென்று சொன்னேன். என் மனைவிக்கு நடந்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி என் தோளைத் தட்டினார்.

"நீங்க சொல்றீங்க சார். ஆனா உங்களுக்கும் தலைவருக்கும் ஏழாம் பொருத்தம்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். அன்னிக்குக்கூட ஆஸ்பத்திரியில பெரிய ரகளையாமே?"

வீட்டுக்குள் போய்த் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. முழுங்கிவிட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மதியம் தையல் மெஷின் ஓடியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு தடவையும் அந்த டப்பாவுக்குக் கிடைக்கிற நற்சான்றிதழ்.

ஜூன் 29, சனி

ஒரு காகிதம் எழுதினேன். அறிவிப்புப் பலகையில் போடுவதற்கு. மீட்டர் பெட்டிகளுக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்டது, சாவி தலைவரிடம். பரவாயில்லை, கண்ணாடிக்கு வெளியே ஒட்டுவேன்.

இரண்டு பக்கம் வந்தது. நல்ல தமிழ். "அறியாமைக்கு ஆசனம் கொடுத்து அதற்கு மாலையும் போடும் இந்தக் கட்டடத்தில்" என்று தொடங்குகிறது. எனக்கே பெருமையாக இருந்தது. கீழே முழுப் பெயர், பட்டம், வீட்டு எண் எல்லாம் போட்டேன்.

அவள் வாங்கிப் படித்தாள். சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன்.

"முதல் பக்கம் முழுக்க எங்க அண்ணனைத் திட்டியிருக்கீங்க."

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்."

"ரெண்டாவது பக்கத்துலயும் பாதி அவர்தான். கடைசியிலதான் மாத்திரை வருது. அங்க வரைக்கும் எவன் படிப்பான்?"

பென்சிலை எடுத்தாள். அடிக்க அடிக்க என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஆசனம் போயிற்று, மாலை போயிற்று. நான் தடுத்தேன். "சும்மா இருங்க, செத்துப் பிழைச்சவ நானா நீங்களா?" என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

மிஞ்சியது இவ்வளவுதான். சுத்தமாக எழுதிவிட்டேன்:

"நம் கட்டடத்தில் ஒருவருக்கு, பெயர் வெட்டுப்பட்ட மாத்திரையால் உயிர் போய் வந்தது. ஆன்டிபயாடிக் மாத்திரையை டாக்டர் உங்களுக்கென்று எழுதினால் மட்டும் சாப்பிடுங்கள். காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுதிய டாக்டரையே கேளுங்கள். ஜலதோஷத்துக்கு அது வேலை செய்யாது. எந்த மருந்தாவது எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அது வேர்க்குரு என்று யார் சொல்லியிருந்தாலும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த தடவைக்கென்று சேர்க்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். அட்டையை வெட்டாதீர்கள். கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் முதலில் பெயரைக் கேளுங்கள்."

கடைசி வாக்கியம் அவளுடையது. "எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு மேலே விட்டத்தைப் பார்த்தாள். அங்கே அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க பேரைப் பார்த்தா, மச்சானைக் குத்த எழுதினதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"பேரில்லாம எழுதறது கோழைத்தனம்."

"இருக்கட்டும். பேரில்லாத மாத்திரையைத்தான் முழுங்கக் கூடாது. பேரில்லாத காகிதத்தைப் படிக்கலாம்."

இருபது வருஷக் கோபத்தை ஒரு பக்கத்தில் சுருக்கி, அதிலும் என் பெயர் இல்லாமல். யாரிடம் சொல்லி அழுவது? ஆனால் தையல்காரரின் உள்ளங்கை கண்ணிலேயே நிற்கிறது.

தலைவர் காலையில் நடைப்பயிற்சிக்குக் கீழே இறங்கும்போது பலகையைப் பார்க்காமல் போக மாட்டார். அதற்கு முன்னால் ஒட்டிவிட வேண்டும். டேப் இருக்கிறது, வெட்டத்தான் கத்தரிக்கோல் வேண்டும். ஒளித்த இடத்திலிருந்து எடுத்து வந்தேன். எங்கே இருந்தது என்று அவள் கேட்கவே இல்லை. கண்ணாடியின் நடுவில், உள்ளே இருக்கும் சங்க அறிவிப்பில் அவர் போட்டிருக்கும் கையெழுத்துக்கு மேலேயே ஒட்டப்போகிறேன்.

பெயர் போடவில்லை.